கிணற்றடிக்குப் போன ஹோல்டால்

என் கணவருக்குப் பாம்பு பயம் கிடையாது. எண்பதுகளில் சேலையூருக்கு அந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவருக்கு அந்தப் பயமெல்லாம் கட்டுப்படியாகாது. அவர் நடுங்கியதெல்லாம் மூட்டைப்பூச்சிக்குத்தான். அதுவும் ரயிலேறி வரும் மூட்டைப்பூச்சிக்கு.

யார் ஊருக்குப் போய் வந்தாலும் கேட்டிலேயே நிற்க வேண்டும். பெட்டி படுக்கையெல்லாம் நேரே கிணற்றடிக்குப் போகும். துணிமணி வெந்நீர் அண்டாவுக்குள். படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டாலை விரித்து, மடிப்பு மடிப்பாக டார்ச் அடித்து, துடைப்பக்குச்சியால் குடைவார். அப்புறம் நல்ல வெயிலில் காய்ந்தால்தான் உள்ளே அனுமதி. திருப்பதி லட்டு இருந்த பையைக்கூட உதறிப் பார்த்த மனிதர். "சார் வூட்ல கஸ்டம்ஸ் செக்கிங் நடக்குது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இவருக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு.

இந்தச் செக்கிங்கில் அவருடைய சொந்த அக்காவும் மாட்டினார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி திருச்சியிலிருந்து புருஷனோடு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அக்கம்பக்கமெல்லாம் பார்க்க அவர்கள் ஹோல்டாலைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டார் இவர். உள்பாவாடை முதற்கொண்டு வெளியே கிடந்தது. பூச்சி ஒன்றுகூட இல்லை. அண்ணி ஒரு வாய் காபி குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். அதோடு போக்குவரத்து நின்றது.

பிறகு எங்களுக்குப் பெண் பிறந்தாள். எங்கள் குடும்பத்தில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பேர் சொல்வது அத்தைதான். அண்ணி வராமல் தொட்டிலே கட்டமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நானே எழுதிக் கூப்பிட்டேன். வருகிறேன் என்று ஒரு வரி பதில் வந்தது.

"இந்தத் தடவை ஏதாவது சொன்னீங்க, நானும் குழந்தையைத் தூக்கிட்டு அவங்களோடவே திருச்சிக்குப் போயிடுவேன்" என்றேன்.

"நான் என்ன சொல்லப்போறேன்?" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அண்டாவில் தண்ணீர் நிரம்பியிருந்தது. அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணி ஹோல்டால் இல்லாமல், பெட்டி இல்லாமல், ஒரு மஞ்சள் பையோடு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். குழந்தைக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் மட்டும் தரையில் விழுந்தது.

"மாத்துப் புடவைகூட எடுத்துட்டு வரலை. உள்ளே வரலாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் குனிந்து அரைஞாணை எடுத்தார்.

நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. அக்காவைச் சமாதானப்படுத்தக் கூடத்துப் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன்னுடைய மெத்தையையும் அதன்மேல் வைத்தார். அவருடைய ஆபீஸ் நாற்காலி மெத்தை அது. சனிக்கிழமை உறை துவைக்க வீட்டுக்கு வரும், திங்கட்கிழமை மின்சார ரயிலில் பாரிமுனைக்குத் திரும்பும். அதையெல்லாம் அவர் பயணக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணி நெளிந்தார். எழுந்தார். மெத்தையின் தையலை விரலால் பிரித்துப் பார்த்தார். தம்பிக்கு இருந்த அதே கண் அக்காவுக்கும். உள்ளே மூட்டைப்பூச்சிகள் குடும்பம் குடும்பமாக ஓடின.

"தம்பி, இதெல்லாம் எந்த ரயில்லடா வந்துச்சு?"

இவர் முகம் செத்துப்போய், மெத்தையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் வீண்போகவில்லை. அவர் உள்ளே வரத் திரும்பியபோது, அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலை மறித்து நின்றார்.

"வேட்டியை உதறினியா?"

"உதறிட்டேன்க்கா."

"திரும்பி நில்லு."

திரும்பி நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"சரி, உள்ளே வா. பொண்ணுக்குப் பேர் வைக்கணும்."

அடுத்த தடவை அண்ணி ஹோல்டாலோடுதான் வந்தார். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அதைத் தன் தோளிலேயே சுமந்து வந்தவர், கேட்டில் நிற்கவில்லை, கிணற்றடிப் பக்கமும் திரும்பவில்லை. நேரே உள்ளே கொண்டுபோய்க் குழந்தையின் தொட்டிலடியில் வைத்தார்.

எனக்குத்தான் பக்கென்றது. டார்ச் எங்கே என்று கண் தேடியது.