மஞ்சளில் அடித்த சொல்

வெர்னா ஹாஸ்கெல்லின் தாடையை உடைத்தவன் நான். அவளைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

நெவாடாவில் எங்கள் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைக்கும் இரும்புக் கைகளுக்கு நிரல் எழுதியவள் அவள். அந்த மொழியில் நிறம்தான் எல்லாம். சிவப்பு, புதுச் சொல்லுக்குப் பெயர். பச்சை, அழைக்கும்போது செய். மஞ்சள், இப்போதே செய்.

அவளுடைய சகா ராய்ஸுக்குப் பச்சையும் மஞ்சளும் பிரித்துத் தெரியாது. வேலை போய்விடும் என்று மறைத்துவந்தான். ஒரு மதியம் நிரலைத் திருத்தும்போது ‘இறக்கு’ என்ற சொல்லைப் பச்சைக்குப் பதில் மஞ்சளில் அடித்துவிட்டான். இரும்புக் கை அப்போதே இறங்கியது. அதன் அடியில் என் தம்பி டேரல் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். மின்சாரத்தை அணைக்காமலே. “ரெண்டு நிமிஷ வேலைதானே” என்று அவனை உள்ளே அனுப்பியது நான்.

அவனை வெளியே இழுத்தேன். வலது கை பாறையிலேயே கிடந்தது.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் குழாய் ஸ்பானரோடு ராய்ஸும் வெர்னாவும் இருந்த அலுவலகத்துக்குள் புகுந்தேன்.

“என் தம்பி கை எங்கடா?”

“எனக்கு ரெண்டு கலரும் ஒண்ணாத்தான் தெரியுது, கர்ட். சத்தியமா.”

முதல் அடியில் ராய்ஸின் காது கிழிந்தது. இரண்டாவதுக்கு வெர்னா குறுக்கே வந்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவள் விழவில்லை. இரண்டு பற்களை ரத்தத்தோடு என் சட்டையில் துப்பிவிட்டு, ஸ்பானரைப் பிடுங்கி என் முழங்காலில் இறக்கினாள். இன்றும் நொண்டுகிறேன்.

எனக்கு எட்டு மாதச் சிறை. அவளுக்கு ஆறு வாரம் தாடையில் கம்பி. பேச முடியாத அந்த நாட்களில் நிரல் முழுவதையும் வெறும் கறுப்பு எழுத்தில் மாற்றினாளாம். பெயருக்கு முன் முக்காற்புள்ளி, உடனே செய்ய வேண்டியதற்கு இருபுறமும் சதுர அடைப்பு, மற்றவை சும்மா.

“கலர் இருக்கிறப்ப இந்தக் குப்பை எதுக்கு?” என்று மேலாளர் கேட்டார்.

“ராய்ஸ் படிக்க” என்று தாளில் எழுதி நீட்டினாள். மாற்றும்போதே தப்பான மஞ்சள் இன்னும் மூன்று இடத்தில் அகப்பட்டது. ஒன்று, கல் நொறுக்கும் எந்திரத்தின் கதவை ஓட்டத்திலேயே திறந்திருக்கும்.

விடுதலையானபின் மளிகைக் கடையில் அவளைப் பார்த்தேன்.

“மன்னிச்சிரு, வெர்னா.”

“மாட்டேன்.” கோணலான தாடையோடு மெதுவாகச் சொன்னாள். “டேரல் தட்டுல இறைச்சிய வெட்டிக் குடுக்கிறியாமே. முதல்ல அத நிறுத்து. அவனுக்கு அவமானமா இருக்காம்.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் கத்தியை டேரல் பக்கம் வைத்தேன்.