கிளட்ச்சும் அடிபம்பும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறேன். மூட்டுவாதம் வந்து இடது கை வீங்கியதில், பைக்கின் கிளட்ச்சைப் பிடிக்க முடியவில்லை. வண்டியை விற்றுவிட மெக்கானிக்கிடம் போனோம்.

என் மனைவி கிளட்ச்சை இழுத்து இழுத்து, இன்ஜின் பக்கம் எது அசைகிறது என்று குனிந்து பார்த்தாள்.

"கேபிள் இழுக்கிற இந்தக் கம்பி குட்டையா இருக்குதுங்க. அடிபம்புக்குக் கைப்பிடி நீளமா இருந்தா சுளுவா அடிக்கலாம். இதையும் நீட்டுனா என்ன?"

மெக்கானிக் யோசித்தார். "செஞ்சி பாக்கலாங்க. ஆனா கம்பி நீண்டா அது அசையற தூரம் கம்மியாவும், கிளட்ச்ச முழுசா இழுத்தாத்தான் கியரு விழும்."

கம்பியை நீட்டி மாட்டினார். பயந்துகொண்டே இழுத்தேன். கிளட்ச் லேசாக விரல்களுக்குள் வந்துவிட்டது. நம்பாமல் மறுபடியும் இழுத்தேன். பிறகு அவளை ஏற்றிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சி வரை ஓட்டினேன்.

கையில் பலம் போய்விட்டதென்றே அதுவரை நினைத்திருந்தேன். கம்பி குட்டையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.