உப்பேறிய கிணறும் நான் கேட்ட ஜெபமும்

"...அந்தப் புள்ளட காணியத் தோண்டித்தான் நம்மட கெணறெல்லாம் நெறயணுமெண்டா, எனக்கு ஒப்பம் வெக்க ஏலா. யோசப்பு மவுத்தாகுற வரைக்கும் இந்தக் காணிக்காகத்தான் என்னோட கதைக்காம இருந்தான்."

இப்படிச் சொல்லிவிட்டு மீசான் நானா கதிரையைப் பின்னால் தள்ளினார். என் வீட்டு முற்றத்தில் நடந்த கூட்டம் அது. நானா பக்கத்துத் தோட்டக்காரர். "அந்தப் புள்ள" என்றது என்னை. யோசப்பு, இறந்துபோன என் கணவர்.

சகோதரங்களே, அந்த முற்றம்வரை நான் வந்த வழியைச் சொன்னால்தான் கர்த்தர் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்கும்.

வன்னியிலிருந்து வந்து, கற்பிட்டி வீதியோரத்து மணலில் வெங்காயம் நட்டுப் பிழைத்தோம். இங்கே கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். நல்லது உப்பின்மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. இது தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. தெரிந்தும், கிணறு வற்றினால் மண்வெட்டியோடு கீழேதான் இறங்குவோம்.

எங்கள் காணி பள்ளம். மாரி மழையில் நானாவின் மேட்டுத் தண்ணீர் இறங்கி எங்கள் வெங்காயத்தை அழுகப் பண்ணும். என் கணவர் மண் அணை போட்டு மறித்தார். நானா வேறு வழியில்லாமல் உப்புக் கடலேரியான களப்புக்கு வாய்க்கால் வெட்டினார். மற்றத் தோட்டக்காரரும் அப்படியே வெட்டி மழையையெல்லாம் களப்புக்கு அனுப்பினார்கள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஆறு வருடம்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஆவணியில் எங்கள் கிணறு சேறாகிவிட்டது. அவர் இன்னும் இரண்டு வளையம் இறக்கி ஆழமாக்கினார். ஒரு கிழமை தண்ணீர் பொங்கியது. "பாத்தியா, நான் சொன்னன்" என்று சிரித்தார். அடுத்த கிழமை வெங்காயத் தாளின் நுனி கருகியது. வாளியில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அந்த மாதமே நெஞ்சுவலி வந்தது. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வான் வண்டிக்குள் தண்ணீர் கேட்டார். போத்தலை நீட்டினேன்.

"எங்கட கிணத்துத் தண்ணியோ?"

"இல்லையப்பா, கடையில வாங்கினது."

அதற்குப் பிறகுதான் குடித்தார். பாலாவிச் சந்தி வருவதற்குள் போய்விட்டார்.

அதன்பின் ஒரு வருடம் நான் அந்தக் கிணற்றடியில் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, அவரைத்தான் எடுத்தீர், தண்ணீரையாவது திருப்பித் தாரும் என்றேன். ஒன்றும் மாறவில்லை. சில நாள் ஜெபம் வராது, கோபம்தான் வரும். அதையும் ஆண்டவரிடமே சொன்னேன். சாமானைக் கட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு விவசாய உத்தியோகத்தர் வந்தார். "கீழ இருந்து இழுத்தது போதும், மேல இருந்து குடுத்துப் பாருங்கோ" என்றார். ஏழு தோட்டத்து வாய்க்காலையும் களப்புப் பக்கம் அடைத்து, மழைத் தண்ணீரை ஒரு குளத்துக்குள் திருப்பி, மணலுக்குள் ஊற விட வேண்டும். உப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆனால் ஏழு பேரும் ஒப்பம் வைத்தால்தான் வேலை தொடங்கும். அதற்குத்தான் என் முற்றத்தில் அந்தக் கூட்டம்.

"இத்தின வருசம் நம்மட மழையக் குடிச்சும் அந்தக் களப்பு இனிக்கல்லயே" என்று நானா பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு உத்தியோகத்தர் படத்தை விரித்து, குளம் வெட்ட ஆகப் பள்ளமான இடத்தில் பென்சிலை வைத்தார். அது என் காணி. என் கணவர் கடைசியாக வெங்காயம் நட்ட பாதிக் காணி. சிரிப்பு நின்றுவிட்டது.

நான் கேட்டது தண்ணீர். கர்த்தர் காணியைக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

எழுந்து வீட்டுக்குள் போனேன். கணவருடைய சேர்ட்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். இதுவும் போனால் எதில் நட்டுச் சாப்பிடுவேன் என்று ஆண்டவரிடமே கேட்டேன். பிறகு சேர்ட்டை மடித்து வைத்தேன். வெளியே வந்து, "நான் தாறன்" என்றேன். அதற்குத்தான் நானா, தனக்கு ஒப்பம் வைக்க ஏலாது என்று சொன்னார்.

இன்றைக்கு அந்தக் குளம் இரண்டு மாரி கண்டுவிட்டது. என் கிணற்றில் உப்பு முழுக்கப் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பால் தேத்தண்ணி இப்போது உப்பில் திரைவதில்லை. வெங்காயம் கருகாமல் நிற்கிறது. முதல் நல்ல வாளியை அள்ளியபோது, குடிக்க அவர் இல்லையே என்று கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே தோத்திரம் சொன்னேன். இரண்டும் ஒரே வாயில் வரும் என்று அன்றுதான் அறிந்தேன். இப்போது நான் தண்ணீருக்காக மட்டும் ஜெபிப்பதில்லை. ஏழு தோட்டத்து ஆட்களையும் பேர் சொல்லிக் கேட்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். பதில் பிந்தினாலும், வந்து உங்களிடமே ஒன்றைக் கேட்டாலும், விட்டுவிடாதீர்கள். எனக்கு வந்த பதில் கிணற்றுக்குள்ளிருந்து வரவில்லை. ஆறு வருடம் முகம் பாராத மனிதரிடமிருந்து வந்தது.

அன்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிய மீசான் நானா, கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் நேரே எங்கள் இரண்டு காணிக்கும் நடுவிலிருந்த வேலிக்குப் போனார். முதல் கட்டையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, தன் மிளகாய்ச் செடிகளை மிதித்தபடி தன் தோட்டத்துக்குள் இருபது அடி உள்ளே நடந்தார். அங்கே கட்டையை எங்கள் காணியின் புது எல்லையாக நட்டுக் குதிகாலால் மணலை இறுக்கினார். பிறகு திரும்பி வந்து, உத்தியோகத்தரிடம் பேனையைக் கேட்டு வாங்கினார்.