அளவு பார்க்காத மோதிரம்

ஒரு மோதிரம் விரலுக்குச் சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும். எந்த நகைக்கடையிலும் அளவு வளையங்களைக் கொத்தாகக் கோத்து வைத்திருப்பார்கள். போட்டுப் பார்க்க வேண்டும். விரல் கணுவைத் தாண்டும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், தாண்டிய பிறகு சுற்றினால் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அரை நிமிடத்தை எனக்காகச் செலவு செய்ய எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒதியம்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஸ்பீக்கர் கட்டி, தெருமுனையில் என் படம் போட்ட பேனரும் வைத்து, நான் பெரியவளானதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் என்னை யாரும் கேட்கவில்லை.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடும் சீர்த்தட்டுகளோடும் வந்தாள். ஒரு தட்டில் தங்க மோதிரம். அளவுக்கு என்ன செய்தாளாம் தெரியுமா? தன் கடைசி மகளைப் பாகூர் கடைக்குக் கூட்டிப்போய் அவள் விரலில் போட்டுப் பார்த்து வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. விரல் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும்.

"பொட்டப்புள்ளைங்க விரலு எல்லாம் ஒன்னுதான்" என்று பெருமையாக வேறு சொன்னாள்.

மோதிரம் கணுவில் நின்றுவிட்டது. அத்தை விடவில்லை. தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவினாள். "கைய தளர்த்துடி. இன்னாடி மரக்கட்ட மாரி வெச்சினுகீற?" என்று திருகித் திருகித் தள்ளினாள். தோல் உரிந்து உள்ளே போனது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ சொன்னார்கள்.

வீடியோக்காரர், "அக்கா, சரியா விழல. ஒரு தபா கழட்டிப் போடுங்க" என்றார்.

"கழட்றதுக்கா போட்டேன்?" என்றாள் அத்தை. பிறகு பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மோதரம் போட்டாச்சு. பத்தாவது முடிக்கட்டும், எங்க வூட்டுக்குக் கூட்டினு போயிடறேன்" என்றாள். அப்பா வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினார். அத்தை மகனுக்கு இருபத்திரண்டு வயது. வேனில் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அத்தை கோடை லீவுக்குக் கூப்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

வெயில், பட்டுப்புடவை, விருந்துச் சாப்பாடு. மதியத்துக்குள் விரல் வீங்கிவிட்டது. வலிக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன், சித்தியிடம் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன். "புதுசுல அப்டிதான் இருக்கும், பழகிடும்" என்றார்கள். என்ன பழகும்? செருப்பா அது? சாயங்காலம் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகுதான் கூட்டம் கூடியது. சோப்பு போட்டார்கள். ஐஸ் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்தார்கள்.

கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவில் யாருக்கு மோதிரம் மாட்டிக்கொண்டாலும் அம்மாவிடம்தான் வருவார்கள். மோதிரத்துக்கு அடியில் நூலை நுழைத்து, மேலே விரலை நெருக்கமாகச் சுற்றி, அடி நுனியைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வருவாள். நூலோடு மோதிரமும் ஏறி வந்துவிடும். சைக்கிள் நட்டுக்குள் விரலை விட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கே ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள்.

எனக்கு இரண்டே சுற்று சுற்றினாள். அதையும் உடனே பிரித்துவிட்டாள்.

"வராது. அறுக்கணும்."

அத்தை துள்ளிக் குதித்தாள். "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசற? போட்ட மோதரத்த அறுத்தா அந்த சம்மந்தமே அறுந்த மாரிடீ!"

அப்பா, "அக்கா சொல்றதக் கேளு. காலீல பாத்துக்கலாம்" என்றார். காலையிலாம்! விரல் என்னுடையது.

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "காலீல விரலு அழுகிட்டா உங்க புள்ளைக்குக் கட்டிப்பீங்களா அண்ணி?" என்றாள். அம்மா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வில்லியனூருக்குக் கிளம்பிவிட்டாள்.

பத்தர் கடை மூடுகிற நேரம். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பத்தர், "நூலு சுத்தினா வந்துடும் போலகீதேம்மா. பொன்ன எதுக்கு வீணாக்கணும்? ஒரு தபா பாக்கட்டா?" என்றார்.

"வேணாம். அறுங்க."

"ரெண்டு நிமிஷம்தான்..."

"அறுங்கன்னு சொல்றேன்ல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஊர் பேர் தெரியாத மனிதர் முயற்சி செய்கிறேன் என்கிறார், பெற்றவள் வேண்டாம் என்கிறாள். ஊரார் விரலுக்கெல்லாம் பொறுமை இருக்கிறது, சொந்த மகள் விரலுக்கு இல்லை. அத்தைக்கு அளவெடுக்க நேரமில்லை, அம்மாவுக்கு நூல் சுற்ற நேரமில்லை. அத்தையும் அம்மாவும் ஒன்றுதான் என்று அந்தக் கடையில் நின்றுகொண்டே முடிவு செய்தேன். மோதிரம் அறுந்து விழுந்தது. அம்மா அதைத் தாளில் மடித்து, மறுநாள் காலை அத்தை கையிலேயே கொடுத்தாள்.

அன்று திரும்புகிற வழியில் பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "பத்தாவதுக்கு அப்பறம் பாண்டியில பெரிய ஸ்கூல்ல சேக்கறேன். பஸ்ல தனியா போயிட்டு வந்துடுவியா?" என்று கேட்டாள்.

விரல் வலியில் செத்துக்கொண்டிருக்கிறேன், இவளுக்குப் பத்தாவதைப் பற்றிப் பேச்சு. இப்படியும் ஒரு அம்மாவா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"போயிட்டு வந்துடுவ" என்று அவளே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வீடு வரைக்கும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.