திங்கட்கிழமைத் தலை

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருந்தது. கேட்பதற்குத்தான் அவர் மனைவிக்குத் தெம்பில்லை. மூன்று வாரமாக நாற்காலி போடுவதும், தண்ணீர் கொடுப்பதும், "ஆமாங்க, நல்ல மனுஷன்தான்" என்று தலையாட்டுவதுமாக அவளுக்குக் கழுத்தே இற்றுப்போயிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பத்தே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், முப்பத்தினாலு வருஷத்து வாடிக்கையாளர்களை இவள் தலையில் கட்டிவிட்டு.

சலூனில் அவருக்குப் பேரே 'வகிடு'தான். சீப்பு நுனியை நெற்றியில் வைத்து ஒரே இழுப்பு இழுப்பார். அடிக்கோல் வைத்துப் போட்டாலும் அவ்வளவு நேராக வராது. வாசலிலிருந்து மூன்றாவது நாற்காலி அவருடையது. ஆண், பெண், குழந்தை என்ற பேதமெல்லாம் கிடையாது. வழுக்கைத் தலைக்காரர்களுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார். "இருக்கிறவனுக்கு யார் வேணா வெட்டலாம். இல்லாதவனுக்கு வெட்டுறதுதான் தொழில்" என்பார். வேலை போனதை வீட்டில் சொல்லாதவர், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், எல்லோரும் அந்த நாற்காலியில் மனசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போனதே இல்லை. பெண்டாட்டி காதுக்கும் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டில் இரண்டு பெண்கள். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க இரண்டு பேருக்கும் பின்னிவிட்டது அவர்தான். அவள் சீப்பை எடுத்தால் "வலிக்குதும்மா" என்று வீடு இரண்டுபடும். அவரிடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிப்பாம்பாக உட்காருவார்கள். சாயங்காலம் வீங்கிய காலோடு வந்து, வாளி வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு கையை நீட்டுவார். விரல் இடுக்கில் முள்போல ஏறியிருக்கும் முடித் துணுக்குகளை அவள் இடுக்கியால் எடுப்பாள். எழுந்து நிற்கவே அலுப்பாக இருக்கிற நாளிலும் எடுப்பாள். பேச்சு, கோபம், சமாதானம் எல்லாம் அந்த அரைமணி நேரத்தில்தான்.

சலூனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் திங்களில் வீட்டுத் தலைகளுக்கு முறை. பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போனபின் அவள் தலை ஒன்றுதான் மிச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு திங்கட்கிழமை, அவள் காதோரம் வந்த கத்திரி நடுங்கியது. சில்லென்ற இரும்பு இரண்டு தடவை கழுத்தில் தட்டியது. கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து. மறுநாள் அவர் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. செவ்வாயிலிருந்து ஞாயிறுவரை மடியில் நெருப்புத்தான். போன் அடித்தால் யார் காதோ, யார் கழுத்தோ என்று ஓடி எடுப்பாள். மூத்தவளுக்கு விஷயம் தெரியும். "நீயே சொல்லிடும்மா. யாருக்காவது வெட்டுப்பட்டா இத்தனை வருஷம் எடுத்த பேரு ஒரே நாள்ல போயிடும்" என்பாள்.

"சொல்லலாம்டி. சொல்லிட்டா அந்த மனுஷன் காலையில எந்திரிச்சு எங்க போவாரு?"

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது. மாதா மாதம் ஒரு பக்கம் கிளிப்பைக் குத்திச் சரிக்கட்டினாள். பக்கத்தில் அவர் குறட்டை விடுவார், இவள் மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பாள். அவர் விரலில் முடித் துணுக்குகள் வரவர அகப்படவில்லை. தன் கண்தான் மங்கிவிட்டது என்று புதுக் கண்ணாடி வேறு போட்டுக்கொண்டாள்.

நாலாவது நாற்காலிக்காரர் இன்றைக்குத்தான் வந்தார். இருபது வருஷம் அவர் பக்கத்திலேயே நின்று முடி வெட்டியவர். அவரும் கதை ஆரம்பிப்பதற்குள் அவள் கையமர்த்தினாள்.

"மறைக்காமச் சொல்லுங்க தம்பி. கடைசி ரெண்டு வருஷத்துல அவர் கையால யாருக்காவது காயம் கீயம் பட்டுச்சா? எனக்குத் தெரியாம மூடி வச்சிருக்கீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "கடையில அண்ணன் கத்திரியைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு அண்ணி."

"என்ன சொல்றீங்க?"

"கை நடுங்க ஆரம்பிச்ச வாரமே அவரே முதலாளியம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டாரு. அப்புறம் தலை கழுவி விடுறது, எந்த மூஞ்சிக்கு எது பொருந்தும்னு எங்களுக்குச் சொல்றது, இதுதான் அவரு வேலை. அண்ணன் கழுவினாப் போதும்னே வர்றவங்க இருந்தாங்க. உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களாம்."

"அப்ப என் தலை?"

"அதை நிறுத்தினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களே! மறுநாள் வந்து தலையில கை வச்சுக்கிட்டு உக்காருவாரு. 'இந்தத் தடவையும் கோணல்தாண்டா. அவ நல்லா இருக்குங்கறா. நானும் நம்பின மாதிரி இளிச்சு வச்சேன்'ம்பாரு."

அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "படுபாவி மனுஷா!" என்று வாய்விட்டே திட்டினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேனே தம்பி. ரெண்டு வருஷம்!"

"நீங்களும் சொல்லலையே அண்ணி" என்றார் அவர், மெதுவாக.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பகல் பதினொரு மணிக்குப் போய்ப் படுத்தாள். சாயங்காலம் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து வந்த மூத்தவள், அம்மா கிடந்த கிடையைப் பார்த்துப் பதறிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா! என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைடி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இன்னும் கொஞ்சம் தூங்க விடு."