ஒட்டகத்துக்கு வைத்த தண்ணீர்

எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வரமாட்டார். ஒட்டகம்தான் வரும். பஞ்சுத் தாடியும் சிவப்புச் சட்டையும் சபை வாலிபர்கள் போடுகிற வேஷம் என்று நான்கு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். தாடிக்குள்ளிருந்து பாக்கு வாடை வந்தது. ஆனால் ஒட்டகத்தை ஒன்பது வயது வரை நம்பினேன். நான் அவ்வளவு புத்திசாலி.

நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகள், பிள்ளையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சிவகாசி வழியாகப் போவார்கள் என்பது அப்பா சொன்ன கதை. வேதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

"ஏன்ப்பா நம்ம ஊரு வழியா?"

"வெடி வாங்கத்தான் தாயி. வேற எதுக்கு ஒருத்தன் இந்த ஊருக்கு வருவான்?"

ஆகவே கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குக் கிளம்புமுன் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கட்டுச் சோளத்தட்டையும் வைக்க வேண்டும். எங்கள் ஊருக்குள் நுழைந்தால் ஒட்டகத்துக்கே நாக்கு வறண்டுவிடும் என்பார் அப்பா. திரும்பி வரும்போது வாளியில் பாதித் தண்ணீர் குறைந்திருக்கும். சோளத்தட்டை இருக்காது. வாசற்படியில் எனக்கு ஒரு பொட்டலம் இருக்கும். கருப்பட்டி மிட்டாய், ஒரு ரிப்பன், ஒரு பென்சில்.

ஒவ்வொரு வருடமும் ஆராதனை நடுவில் அப்பா சைக்கிளைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று எழுந்து போவார். ஒவ்வொரு வருடமும் மறப்பார். எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. சோளத்தட்டை எதிர்வீட்டு ஆட்டின் வயிற்றுக்குப் போனது என்பதும் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

இனி சொல்ல வேண்டியது மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தார். அவரை மூடிய பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்தது. பெரிய மாலை. அதைத் தவிர வேறெதுவும் வந்ததாக என் ஞாபகத்தில் இல்லை. வந்ததாக யாரும் சொல்லவும் இல்லை. அடக்கம் முடிந்த அன்றே அம்மா வேதப்புத்தகத்தை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் நீட்டினார். அப்பாவும் அதே மாதிரி ஒரு கம்பெனியில் டப்பா ஒட்டுகிற வேலையில் இருந்தார். மருந்து அறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். பெரியவர்கள் செய்கிற ஜெபங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்கு இரண்டு வருடம் கழித்து வந்த கிறிஸ்துமஸ். நான் மூன்றாம் வகுப்பு. ஆராதனை முடிந்து ஓடிவந்தால் வாசற்படியில் பொட்டலம் இருந்தது. அச்சாபீஸில் கழித்துப்போட்ட கிளிப்பட லேபிள் தாளில் சுற்றியிருந்தது. அந்தக் கிளியின் மேல் ஐந்து விரலும் அப்படியே பதிந்த ஒரு கை. வெள்ளிக் கை. விடிகிற வெளிச்சத்தில் மின்னியது.

இதுவரை வந்தவர்கள் மிட்டாயை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். இந்த வருடம் வந்தவர் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஞானிகளோடு தேவதூதனும் வந்திருக்கிறார், இது அவர் கை என்று தெருவில் ஒரு வீடு விடாமல் ஓடிக் காட்டினேன். எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு அச்சாபீஸ் வேலை, மீதியில் பெரும்பாலோருக்குத் தீப்பெட்டி. மருந்து வேலை பார்க்கிற ஆட்கள் கம்பெனித் தொட்டியிலேயே குளித்துவிட்டுத்தான் வேன் ஏறுவார்கள். அதனால் அந்த வெள்ளியைப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு அத்தை பார்த்திருந்தார். எங்கள் தெருவில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற ஒரே பெண் அவர்தான். முறுக்கும் அதிரசமும் வாங்கிக்கொள்ள எங்கள் வீட்டுக்குள் வந்தவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏத்தா, இதப் போயா தேவதூதன் கைங்கிற? அலுமினியப் பவுடருல்ல இது. மருந்து ரூமுக் கையி. எங்க கம்பெனியில கலக்குற ஆளுக மூஞ்சியே இப்படித்தான மின்னும்..."

பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"கடையில பட்டிருக்கும் மதினி. லேபிள் தாளுதான, எங்கன கெடந்துச்சோ" என்று அத்தை அவசரமாகச் சொன்னார். முறுக்கை வாங்காமலே போய்விட்டார்.

அம்மா தட்டைக் கீழே வைத்தார். அப்பா புதுச் சட்டையின் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

"வேதத்து மேல கை வச்சீகளே. அந்தக் கையா இது?"

"தீவாளிக்குப் பெறகு டப்பா வேலையில ஆளக் கொறச்சுட்டாக. ரெண்டு மாசந்தான்னு..."

"எந்தம்பியும் ரெண்டு மாசந்தான்னான்."

பிறகு அம்மா என் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கி, மிட்டாயைத் தட்டில் கொட்டினார். முந்தானையை நனைத்துத் தாளைத் துடைத்தார். குளிக்குமுன்னே கம்பெனியில் வைத்து அப்பா அதை மடித்திருக்க வேண்டும். வெள்ளி துடைத்துப் போகிற சாமான் இல்லை. துடைக்கத் துடைக்க அகன்று, கிளி முழுவதும் வெள்ளியானது. கடைசியில் தாளைக் கசக்கி ஒட்டகத்துக்கு வைத்த வாளிக்குள் அமுக்கினார். தண்ணீரின் மேல் வெள்ளி மிதந்தது. நான் தெருவே கேட்க அழுதேன். தேவதூதன் கையை அழித்துவிட்டாயே என்று அம்மாவை அடித்தேன். அம்மா வாங்கிக்கொண்டார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. வெள்ளிக்காக அழுத அந்தப் பிள்ளையை இப்போது கண்டால் ஓர் அறை விடுவேன்.

ஜனவரியில் அப்பா கம்பெனியை விட்டார். விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டியில் மூட்டை தூக்கப் போனார். காலையில் முதல் பஸ். வீட்டுக்குள் அவர் நுழையுமுன் தும்மல் நுழையும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் தொட்ட கன்னம் எரியும். "எட்டப் போங்கப்பா" என்று தள்ளிவிடுவேன். மனுஷன் சிரித்துக்கொண்டே தள்ளி உட்காருவார். ஊருக்குப் பட்டாசு சீசன், வீட்டுக்கு மிளகாய் சீசன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நானே வாளி வைத்தேன். விளிம்பு வரை நிரப்பினேன். போன வருடம் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரட்டும் என்று ஜெபமும் செய்தேன். ஆராதனை நடுவில் அப்பா சைக்கிளைப் பூட்ட எழுந்துபோனார்.

வீட்டுக்கு வந்தால் பொட்டலம் இருந்தது. வெறும் செய்தித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு விரல்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோனதும் நான்கு முறை தும்மினேன்.

"இந்த வருசம் வந்தவன் டூப்பு" என்றேன்.

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அம்மா பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கி மூக்கில் வைத்து இழுத்து மோந்தார். மறுபடியும் மோந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஆத்தாடி, எம்புட்டுக் காரம்" என்றார்.

மிளகாய் நெடியில் கண் எரிந்தால் யாராயிருந்தாலும் பொட்டலத்தைத் தூர வைப்பார்கள். அம்மா அதை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அது ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மிட்டாயைக் கொடு, மிட்டாயைக் கொடு என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.