பூவரச முண்டு

இது நடந்தது. முருகையன் கதை கட்டத் தெரியாதவர். அவர் மனைவி அமிர்தம் அவரைவிடக் கறார். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டாலும் ஒரு நிமிடம் முன்பின் வராது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

திருவாரூரில் கடைசல் பட்டறை வைத்திருந்தார் முருகையன். எழுபத்தேழு நவம்பர் புயல் அந்தப் பட்டறையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீற்று வாங்கச் சைக்கிளில் கிழக்கே போனவர், வழியில் ஒரு களத்துமேட்டில் நின்றார். வேரோடு சாய்ந்த பூவரச மரத்தை விறகுக்குப் பிளந்துகொண்டிருந்தார்கள். அடிமரத்தில் பானை அளவுக்குக் கட்டியாய்ப் புடைத்திருந்த முண்டை மட்டும் அறுத்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள்.

“அதை ஏன் ஒதுக்கிட்டீங்க?”

“கோடாலி இறங்கலீங்க,” என்றார் மரம் வெட்டிய வீரையன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இறங்கினாலும் அது எங்க அடுப்புக்கு வேணாம். கொண்டுபோயிடுங்க.”

முருகையன் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கண் முழுக்க மரத்தின்மேல்தான் இருந்தது. அறுத்த முகத்தில் சுழி சுழியாக ரேகை. ஆயுசுக்கு ஒருமுறை கிடைக்கிற மரம்.

வெடிப்பு விடாமல் இருக்கச் சாணி பூசி, சாக்குப் போர்த்தி, நிழலில் மூன்று மாதம் காயவைத்தார்.

“கட்டில் கால் குமிழ் கடைஞ்சா எட்டு தேறும்ங்க,” என்றாள் அமிர்தம்.

“துண்டு போட்டா ரேகை செத்துடும். ஒரே சட்டியா கடையணும். அந்தப் பெரிய சுழி நட்டநடுவுல வரணும். தஞ்சாவூர் கண்காட்சிக்கு வைப்போம்.”

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. தினமும் உச்சிவேளையில் அந்தச் சாக்கு ஓரிடத்தில் நனைந்தது. மரம் கக்கும் ஈரம் என்று நினைத்தார். ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்புக் கரித்தது.

மாசி மாதம். புதன்கிழமை. காலை பதினொரு மணிக்கு முண்டைக் கடைசலில் ஏற்றினார்கள். மரத்தைச் சுழற்ற அதில் சுற்றிய தோல் வாரை அமிர்தம் இப்படியும் அப்படியுமாக இழுக்க, முருகையன் உளி பிடித்தார். 11:40க்கு வெளிவடிவம் வந்துவிட்டது. குடைய ஆரம்பித்தார்கள்.

12:05. யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். தெருவில் ஆள் இல்லை.

“ஏங்க… வார் கனக்குது. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சு இழுக்குறாப்ல…”

“இன்னும் கொஞ்சம்தான். இழு.”

12:10. உளி அந்தப் பெரிய சுழியைத் தொட்டது.

மரத்துக்குள்ளிருந்து ஒரு முனகல்.

அமிர்தம் வாரைக் கீழே போட்டாள்.

மரம் நிற்கவில்லை. இப்படி ஒரு சுற்று… அப்படி ஒரு சுற்று…

“தண்ணி…”

நின்றது.

முருகையன் சட்டியைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்தார். அமிர்தம் உள்ளே ஓடினாள். சொம்பும் கையுமாகத் திரும்பினாள். அரைகுறையாய்க் குடைந்த சட்டியில் ஊற்றினாள்.

தண்ணீர் இறங்கியது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. முருகையன் அடியில் கை வைத்துப் பார்த்தார். காய்ந்துகிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் அந்தக் களத்துமேட்டுக்குப் போனார்கள். அடுப்புக்கு ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டதும், வீரையன் தன் தங்கை பொன்னுத்தாயின் வீட்டுக்கு அழைத்துப்போனார். அந்தப் பூவரசில் கடைந்த சட்டி என்று அவர் சொன்னதும் அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரரு மருதையனை இந்த மரத்துல, இந்த முண்டோட சேர்த்துத்தான் கட்டிவச்சாங்க. அறுபத்தெட்டுல. சங்கக் கொடி நட்டதுக்கு. காலையிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும். நான் சொம்போட நின்னேன். பண்ணையாரோட ஆளுங்க கிட்ட விடல.”

“அங்கேயே…?” என்றார் முருகையன்.

“இல்லீங்க. உசிரோடதான் அவுத்துவிட்டாங்க. ஆனா அன்னைக்கோட பேச்சு போயிருச்சு. பத்து வருசம். நில உச்சவரம்புச் சட்டத்துல அந்தக் களத்தையே சர்க்கார் எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துச்சு. அன்னைக்குக்கூட வாய் திறக்கல.”

“இப்ப அவரு…?”

“போன புதன்கிழமை போய்ச் சேர்ந்துட்டாருங்க. பன்னெண்டு மணி பஸ் போய்ப் பத்து நிமிசம் இருக்கும். ‘தண்ணி’ன்னாரு. பத்து வருசத்துல மொத வார்த்தை. நான் அடுப்படியிலேர்ந்து ஓடியாறதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு.”

முருகையன் தன் வலது கையைப் பார்த்தார். உளி பிடித்த கை. அந்தச் சுழியை அது தொடாமல் இருந்திருந்தால்…

பொன்னுத்தாய் சட்டியின் ரேகையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்பவும் என்னால ஒரு வாய் குடுக்க முடியலியேன்னு அழுதேன். ஆனா குளிப்பாட்டுறப்ப பார்க்கிறேன்…” அவள் குரல் தாழ்ந்தது. “உதடு, தாடை, கழுத்து… எல்லாம் நனைஞ்சிருக்கு. வீட்டுல வேற ஆளே இல்லைங்க. யாரு குடுத்தாங்கன்னே தெரியல.”